தளம் போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடப் பணித்தளங்களில் மேற்பார்வையாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் பட்டம் பெற்றவனல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, கடைக்கால் தோண்டுவதிலிருந்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டுவது வரை வெயிலில் நின்று பார்த்த அனுபவம் மட்டுமே இக்கடிதத்தை எழுத எனக்குள்ள தகுதி. கடலூரிலும் புதுச்சேரியிலும், இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலையின் இரு மருங்கிலும், அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, திருமண மண்டபம், ஜவுளி மாளிகை என்று உயரமான கட்டடங்கள் மாதத்துக்கு மாதம் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எங்காவது ஒரு கட்டடம் இடிந்தாலோ தீப்பிடித்தாலோ, அதற்கு அனுமதி இருந்ததா என்று கேட்கிறோம்; அடுத்தபடியாக, அனுமதித்தபடி கட்டினார்களா என்று கேட்கிறோம். கட்டிக்கொண்டிருந்தபோது அதை யார் பார்த்தார்கள், எந்த நாளில் பார்த்தார்கள், பார்த்ததை எங்கே எழுதி வைத்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் கட்டடத்தின் ஆயுளையும் அதில் வாழ்வோரின் ஆயுளையும் முடிவு செய்வது இந்த மூன்றாவது கேள்விதான்.

கட்டட வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. எவையெல்லாம் மிக முக்கியமோ அவையெல்லாம் மறைந்துபோகும். கடைக்காலின் ஆழம் மண்ணுக்குள் போய்விடும்; தூணின் கம்பியும், அதைச் சுற்றிக் கட்டும் ரிங் எனப்படும் வளையமும் கான்கிரீட்டுக்குள் போய்விடும்; மாடிக்கு மாடி மின்கம்பிகள் ஏறும் குழியில் தீயைத் தடுக்க வைக்க வேண்டிய அடைப்பு, பொய்க்கூரைக்கு மேலே போய்விடும். கடைசியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெயின்ட்டும் டைல்ஸும்தான். ஆகவே எந்த வேலையும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் விதிமுறை உண்மையில் வாழ வேண்டிய நேரம். அதற்கு முன்பு இருப்பது காகிதம். அதற்குப் பின்பு இருப்பது நம்பிக்கை.

தளம் போடும் நாளை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, மின்சாரக் குழாய்களும் பதித்த பிறகு, மறுநாள் அதிகாலையில், ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி வரும் என்று சொல்லப்பட்டிருக்கும். முந்தைய நாள் மாலையில் அந்தத் தளத்தின் மேல் ஏறி நின்றால் பார்க்க வேண்டியவை ஏராளம். கடற்கரைச் சூழலில் கட்டப்படும் கான்கிரீட்டைக் 'கடுமையான' சூழல் என்ற வகையில் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 வைத்திருக்கிறது, அதன்படி கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இந்த 45 மில்லிமீட்டரைக் காப்பது கவர் பிளாக் எனப்படும் சின்னஞ்சிறு சிமென்ட் கட்டி. அது சில ரூபாய்ச் சமாசாரம். அது இல்லாத இடத்தில் கருங்கல் சில்லைச் சொருகுவார்கள், அல்லது எதையும் சொருகமாட்டார்கள். உப்புக்காற்று பத்து, பதினைந்து ஆண்டுகளில் கம்பியைத் தேடிப் போய்விடும். துரு பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், நான் சொல்வது விளங்கும்.

மேல்கம்பியின் கதை இன்னும் மோசம். பால்கனி போன்று வெளியே நீட்டிய தளத்துக்கு மேல்கம்பிதான் உயிர். காலையில் கான்கிரீட் கொட்டும்போது பத்துப் பதினைந்து பேர் அதன் மேல் நடப்பார்கள். அதைத் தாங்கி நிற்கும் நாற்காலிக் கம்பி வைக்காவிட்டால் மேல்கம்பி கீழ்க்கம்பியோடு போய்ப் படுத்துக்கொள்ளும். வரைபடத்தில் அது மேலே இருக்கும், கட்டடத்தில் கீழே இருக்கும். கலவை கெட்டியாக இருக்கிறது, குழாயில் இறங்கவில்லை என்று வண்டியிலேயே தண்ணீரைத் திறந்துவிடுவதும் உண்டு. ரெடிமிக்ஸ் கலவையை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்ற விதி, தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடையின் நெரிசலில் நிற்கும் லாரிக்குத் தெரியாது. சோதனைக்கென்று 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளை வார்த்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்க வேண்டும். கட்டி வார்ப்பதற்கென்று தனியாக நல்ல கலவை செய்த இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4.5 மீட்டருக்கு உட்பட்ட அகலமுள்ள தளத்துக்குக் கீழே கொடுத்த முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாளும், 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாளும் எடுக்கக் கூடாது என்கிறது அதே தரநிலை. நம் பக்கத்துச் சவுக்குக் கம்புக்கு வாடகை நாள் கணக்கில் ஏறுவதால், மேல்மாடிக்குத் தேவை என்று கீழ்மாடி முட்டுகளைப் பிடுங்குவது சாதாரணமாக நடக்கிறது. இவற்றில் எதையுமே கட்டடம் முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து கண்டுபிடிக்க முடியாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளும் மருமகனும் புதுச்சேரியில் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி கொண்ட ஒரு குடியிருப்பில் வீடு பதிவு செய்தார்கள். ஒரு நாள் மாலை, பழக்க தோஷத்தால், நான் அங்கே போய்ப் பார்த்தேன். மறுநாள் கான்கிரீட் போடுவதற்குத் தயாராக மூன்றாம் மாடியின் பன்னிரண்டு தூண்கள் நின்றன. தூணும் பீமும் சேரும் இடத்துக்கு அருகே ரிங்குகள் நெருக்கமாக, வரைபடத்தின்படி 100 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, இருந்திருக்க வேண்டும். அங்கே 200க்கு ஒன்றாக இருந்தன. ரிங்கின் முனையை 135 பாகைக்கு உட்புறமாக மடக்கியிருக்க வேண்டும். வெறும் செங்கோணமாக விட்டிருந்தார்கள். நிலநடுக்கத்தில் தூண் நொறுங்காமல் தாக்குப் பிடிப்பது இந்த மடிப்பால்தான். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்ததை இப்பகுதியில் பலரும் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அங்கிருந்த இளம் பொறியாளரிடம் கேட்டேன். மரியாதையான பையன். "சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா காலையில ஆறு மணிக்கு வண்டி சொல்லியாச்சு, நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்க" என்றான். என் முகத்துக்காக நான்கு தூண்களில் மட்டும் கூடுதல் ரிங் கட்டினார்கள். இருட்டிவிட்டது. மீதி எட்டுத் தூண்களில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அனுமதி வழங்கிய அலுவலகத்துக்குப் போனேன். எழுத்துமூலம் கொடுங்கள், பணி முடிந்து சான்று கேட்டு வரும்போது கவனிக்கிறோம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு மேசைக்கு எத்தனை கோப்பு என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கான்கிரீட்டுக்குள் போய்விட்ட ரிங்கைப் பணி முடிந்த பிறகு எப்படிக் கவனிப்பது? கம்பி எங்கே இருக்கிறது என்று கண்டறியும் கருவிகள் உண்டு. அவை இடைவெளியைச் சொல்லும், முனை மடிப்பைச் சொல்லா. என் மகள் குடும்பம் இன்றும் அந்தக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறது.

விதிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர ஊரமைப்புச் சட்டமும் 2012ஆம் ஆண்டின் கட்டட உபவிதிகளும். இந்தப் பக்கம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மேஸ்திரி. சட்டம் மட்டும் இரண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டு விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அப்படி அழைக்கின்றன. ஆகவே 18 மீட்டரில் போய் நின்றுகொள்ளும் கட்டடங்கள் நிறைய. தமிழ்நாட்டு விதிகள் கட்டுமானப் பொறியாளர், கட்டமைப்பு வடிவமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், தர ஆய்வாளர் என்று பதிவு பெற்ற வல்லுநர்களை வகைப்படுத்திப் பொறுப்பைப் பிரித்தும் வைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் அனைவருக்கும் சம்பளம் கொடுப்பவர் கட்டுபவர். தளத்தை நிறுத்து என்று சொல்ல வேண்டியவரின் அடுத்த மாதச் சாப்பாடு, நிறுத்தாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்றால், அந்த இளம் பொறியாளர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

அனுமதி இருந்தும் என்ன நடக்கும் என்பதை மவுலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28 அன்று, சென்னைப் போரூரை அடுத்த அந்த ஊரில், முறைப்படி திட்ட அனுமதி பெற்று எழும்பிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் அப்படியே அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்கள், அவர்களின் குடும்பத்தினர். ஒரு வீட்டுக்காரர்கூட இன்னும் குடிவரவில்லை. அதாவது, ஆபத்தான கட்டடத்தின் முதல் பலி அதில் வாழப்போகிறவர் அல்லர், அதைக் கட்டுகிறவர். அருகிலேயே நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். சில நொடிகளில் முடிந்துவிட்டது. அந்தத் தூண்களில் ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒருவர் நின்று பார்த்துக் கையெழுத்திட மறுத்திருந்தால் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆபத்து என்பது உயரம் மட்டும் அன்று. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் மேல்தளத்துக் கீற்றுப் பந்தலில் பற்றிய தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். இரண்டுமே வானளாவிய கட்டடங்கள் அல்ல. நெரிசலாக மக்கள் கூடும் இடம், தாமாக ஓட முடியாதவர்கள் இருக்கும் இடம், வெளியேற ஒரே வழி உள்ள இடம் ஆகியவை இரண்டு மாடியானாலும் அதிக ஆபத்துள்ள கட்டடங்களே. இன்று கீற்றுக்குப் பதில் வேறொன்று வந்திருக்கிறது. மருத்துவமனை முகப்பு, ஜவுளி மாளிகை முகப்பு எல்லாவற்றிலும் பளபளவென்று ஏசிபி ஷீட் எனப்படும் அலுமினியக் கலப்புத் தகடுகள் ஒட்டப்படுகின்றன. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் என்றால், அது எரிபொருள். தீயைத் தடுக்கும் கனிமக் கலவை உள்ள ரகமும் சந்தையில் உண்டு; விலை கூட. ஒட்டிய பிறகு இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கேதான் இங்கிலாந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டடம் பழையது, ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுப்பித்து முடித்திருந்தார்கள். முகப்புக்கு முதலில் திட்டமிட்டிருந்தது துத்தநாகத் தகடு. வேலை நடக்கும்போது, ஏறத்தாழ 3 லட்சம் பவுண்ட் மிச்சமாகும் என்று பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடாக அது மாற்றப்பட்டது. ஆக, பணக்கார நாட்டிலும் ஆபத்து நுழைந்தது நடுவழியில், 'இதற்குப் பதில் அது' என்ற ஒரு மாற்றத்தில்தான்.

அதன் விளைவாக 2022இல் அங்கே கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 மீட்டர் உயரமோ 7 மாடியோ உள்ள, இரண்டு வீடுகளாவது கொண்ட கட்டடங்களை அதிக ஆபத்துள்ள கட்டடங்கள் என்று பிரித்து, தனி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். கட்டுமானத்தில் உள்ள மருத்துவமனைகளும் இதில் அடங்கும். மூன்று வாயில்கள் வைத்தார்கள்: திட்ட அனுமதியின்போது ஒன்று, மண்ணைத் தொடுவதற்கு முன் ஒன்று, குடிபுகுவதற்கு முன் ஒன்று. கடைசி இரண்டும் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. என்னைக் கவர்ந்தது வாயில்கள் அல்ல, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வைத்த ஏற்பாடு. ஒப்புதல் பெற்ற வரைபடத்திலிருந்து எதை மாற்றினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் அந்த வேலையைத் தொடக் கூடாது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை தெரியவந்தால், வேலைக்குப் பொறுப்பானவர்கள் அதைத் தெரிவிப்பது கட்டாயம். இந்தப் பதிவுகள் மின்னணு வடிவில் கட்டடத்தோடு கூடவே பயணிக்க வேண்டும். அதை அவர்கள் பொன்னிழை என்று அழகாக அழைக்கிறார்கள். நம் ஊரில் கட்டடத்தோடு பயணிப்பது திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றுதான்.

அவர்களுடைய முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வாயிலில் 12 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தும் பல மாதங்கள் கோப்புகள் தேங்கின. கட்டுநர்கள் கூச்சலிட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆள் இல்லாமல் வாயிற்கதவு மட்டும் வைத்தால், கதவு பூட்டியே கிடக்கும், அல்லது பின்பக்கச் சுவரில் ஒரு வழி உண்டாகும். நமக்கு இரண்டாவதே பழக்கம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. இவ்வூரில் ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்த பிரெஞ்சு சிவில் சட்டம், கட்டடம் சாய்ந்தால் கட்டியவரும் வரைந்தவரும் 10 ஆண்டுக்குப் பொறுப்பு என்று 1804லேயே எழுதி வைத்தது. பிரான்சில் இன்றும் அந்தப் பத்தாண்டுப் பொறுப்பு உள்ளது. 1978 முதல் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குச் சுதந்திரமான தொழில்நுட்பக் கண்காணிப்பும் கட்டாயம். நம்முடைய 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் சரிசெய்ய வேண்டும் என்கிறது. உப்புக்காற்று ஐந்து ஆண்டில் வேலையை முடிப்பதில்லை என்பதை முன்பே எழுதிவிட்டேன்.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று, மீரட் நகர வழக்கொன்றில், நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வின் மூலம் வழங்கிய தீர்ப்பு நாடு முழுவதுக்குமான கட்டளைகளைக் கொண்டது. கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைப் பணியிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும்; அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்து, பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும்; நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக் கூடாது; அச்சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தை ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் தர வேண்டும். இதைப் படித்த பிறகு, நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் செம்மண்டலத்திலும் புதுப்பாளையத்திலும், பேருந்தில் புதுச்சேரி போகும்போது தவளக்குப்பம், அரியாங்குப்பம் பக்கங்களிலும், பணியிட வாசல்களைக் கவனித்து வருகிறேன். சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் சோபாவில் அமர்ந்திருக்கும் விளம்பரத் தட்டி எல்லா இடத்திலும் உண்டு. வரைபடத்தை நான் பார்த்த இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வைத்திருந்த இடங்களிலும் அது மனை எல்லையும் அறைகளும் காட்டும் வரைபடமே தவிர, கம்பியும் ரிங்கும் காட்டும் கட்டமைப்பு வரைபடம் அன்று.

நம் மண்ணும் காற்றும் தனிக் கவனம் கோருபவை. இக்கடற்கரைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், என்ற அடிப்படைக் காற்று வேகத்தை வைத்துத்தான் கட்டடங்களைக் கணக்கிட வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவிலான காற்றோடு வந்தபோது நம் பலாவும் முந்திரியும் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும்; அன்று இவ்வளவு கண்ணாடி முகப்புகள் கடலூரில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, அடுத்த இரு நாட்களில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோது, எத்தனை கட்டடங்களின் அடித்தளங்களில் ஜெனரேட்டரும் தீயணைப்புப் பம்பும் நீருக்குள் இருந்தன என்று யாராவது கணக்கெடுத்தார்களா? அதே ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில், இன்னும் குடிபுகாத புத்தம் புதிய மாடி வீடு, அருகே வாய்க்கால் வேலைக்காகத் தோண்டியபோது சாய்ந்து விழுந்ததை இந்நாட்டில் பார்க்காத கைப்பேசி இல்லை. தம் மனைக்குள் ஒழுங்காகக் கட்டியவருக்கும், பக்கத்தில் தோண்டுகிறவரைக் கண்காணிக்க யாரும் இல்லையென்றால் பாதுகாப்பு இல்லை.

என் கோரிக்கை சிறியது. அதிக ஆபத்துள்ள கட்டடங்கள் எவை என்று உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், மருத்துவமனை, பள்ளி, விடுதி, மண்டபம், பெருங்கடை ஆகியவற்றையும் சேர்த்து, கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒரே அளவுகோலில் பட்டியலிடட்டும். அவற்றில் கடைக்கால் மூடும் முன், ஒவ்வொரு மாடியின் தூணுக்கும் தளத்துக்கும் கான்கிரீட் போடும் முன், மின்குழி அடைப்பும் முகப்புத் தகடும் மறைக்கப்படும் முன், ஒரு வெளிப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் ஒழிய அடுத்த வேலை தொடங்கக் கூடாது என்று விதிக்கட்டும். அப்பொறியாளருக்கான கட்டணத்தை அனுமதி பெறும்போதே கட்டுநர் அரசுக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். எந்தக் கட்டடத்துக்கு யார் போவது என்பதைக் கட்டுநரும் தீர்மானிக்கக் கூடாது, உள்ளூர் அலுவலகமும் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் முறையில் வரட்டும். அழைப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் வராவிட்டால், தாமதத்துக்கான இழப்பை அவர் ஏற்கட்டும். கட்டுநருக்கும் காலம் பணம்தான், அதை மதிக்காத விதியை எவரும் மதிக்கமாட்டார்.

இன்னொரு கையெழுத்து வந்தால் இன்னொரு லஞ்சக் கவர் வந்துவிடாதா என்று என் பழைய மேஸ்திரி ஒருவர் கேட்டார். கம்பிக்குக் கவர் வைக்காதவர்கள் மேசைக்குக் கவர் வைப்பதில் குறை வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் பழைய நகைச்சுவை. நியாயமான அச்சம். அதனால்தான் கையெழுத்தோடு படமும் வேண்டும் என்கிறேன்: ஒவ்வொரு தூணுக்கும் எண் எழுதிய பலகை வைத்து, அளவு டேப் தெரியும்படி, இடமும் நேரமும் பதிவான புகைப்படம். அது அன்று மாலையே பொதுமக்கள் பார்க்கும் இணையப் பக்கத்தில் ஏறிவிட வேண்டும். லஞ்சம் வாங்கிக் கையெழுத்துப் போடலாம். 200 மில்லிமீட்டர் இடைவெளியை 100 என்று படம் காட்டாது. வீடு வாங்கியவர்களில் ஒரு சிவில் மாணவரோ, ஒரு மேஸ்திரியின் மகனோ இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். அனுமதித்த வரைபடத்தைப் பெரிதாக மாற்ற வேண்டுமானால் வீடு பதிவு செய்தவர்களில் மூன்றில் இரு பங்கினரின் சம்மதம் வேண்டும் என்று ரியல் எஸ்டேட் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. மாற்றம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாவிட்டால் எதற்குச் சம்மதம் கேட்பது?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பணியிடத்திலிருந்து குறையைத் தெரிவிக்கும் கம்பிக்காரருக்கும் இளம் பொறியாளருக்கும் பாதுகாப்பு வேண்டும். எந்தத் தூணில் எத்தனை ரிங் குறைந்தது என்று அதைக் கட்டியவருக்குத் தெரியும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பேசக்கூடிய ஓர் இலவசத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு பணியிட வாசலிலும் எழுதிவைத்து, அழைத்தவரின் பெயரை வெளியிடாமல் மறுநாளே ஒருவர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்வதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், இவ்விரு ஊர்களிலும் தற்போது கட்டுமானத்தில் இருக்கும் 15 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களிலாவது, இதுவரை போட்ட தளங்களுக்கான கனசதுரச் சோதனை முடிவுகளையும், இனிப் போடப்போகும் தளங்களின் தேதிகளையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு கடலூர் மாநகராட்சியையும் மாவட்ட நகர ஊரமைப்பு அலுவலகத்தையும் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு உடன் வர ஓய்வு பெற்றவர்கள் தேவையென்றால் என்னைப் போன்றவர்கள் சம்பளமில்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். காலை ஆறு மணி வண்டிக்கு முந்தைய மாலையே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.